சேலத்திலிருந்து கொழும்புக்கு ஒரு மூட்டை

முதல் நாள், செவ்வாய்ப்பேட்டை

ஏற்காடு எக்ஸ்பிரஸ் சேலம் சந்திப்பில் இறக்கிவிட்டபோது இன்னும் விடியவில்லை. தம்பி வந்து காத்திருந்தான். பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தபடியே, "கொழும்புக்காரர் நேற்றே வந்துவிட்டார் அக்கா. நீ வந்த பிறகுதான் மண்டிப் பக்கம் போவது என்று சொல்லிவைத்திருக்கிறேன்" என்றான்.

சென்னையில் ஒரு பள்ளியில் 32 ஆண்டுகள் வணிகவியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். ஏற்றுமதி நடைமுறைப் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு கட்டம் விற்பவருக்கு, ஒரு கட்டம் வாங்குபவருக்கு, நடுவில் வங்கியும் கப்பலும் என்று வரைந்து அம்புக்குறி இழுப்பேன். பிள்ளைகள் அதை அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அந்தக் கட்டங்களுக்குள் இருக்கும் மனிதர்களை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. தம்பிக்குச் செவ்வாய்ப்பேட்டையில் மளிகைச் சரக்கு மண்டி. அவனிடம் சரக்கு எடுக்கும் வியாபாரி ஒருவர் கொழும்பு புறக்கோட்டையில் மொத்தக் கடை வைத்திருக்கிறார். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் டிக்கெட் எடுத்துவிட்டேன். நான் பிறந்த ஊர் என்பதால் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

செவ்வாய்ப்பேட்டை இரயில் நிலையத்துக்குப் பெயரே சேலம் மார்க்கெட்தான். சந்தையின் பெயரைத் தாங்கிய நிலையம் உள்ள ஊரில் பிறந்தேன் என்பதில் எனக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு பெருமை. லீ பஜாரில் காலை எட்டு மணிக்கே லாரிகள் நெருக்கியடித்து நின்றன. புளி, மிளகாய், வெல்லம், மஞ்சள் எல்லாம் கலந்து ஒரே காற்றாக மூக்கில் ஏறுகிறது. மாசி மாதம், மஞ்சள் வரத்து தொடங்கியிருக்கிறது.

தம்பி ஒரு சாக்கின் வாயைப் பிரித்து விரலி மஞ்சள் ஒன்றை எடுத்துக் கொழும்பு நண்பரிடம் கொடுத்தான். அவர் அதை இன்னொரு விரலியோடு மெல்லத் தட்டிக் காதருகே கொண்டுபோனார். கண்ணாடி வளையல் மோதுவதுபோல் சன்னமாக ஒலித்தது. நன்றாகக் காய்ந்த மஞ்சள்தான் அப்படி ஒலிக்குமாம். ஈரம் இருந்தால் மரக்கட்டைச் சத்தம் வரும். பிறகு இரண்டாக ஒடித்தார். உள்ளே குங்குமத்தை நெருங்கும் ஆரஞ்சு நிறம். தூள் ஒட்டிய விரலை வேட்டியில் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த மஞ்சள்தான் அக்கா, எங்கள் நாட்டில் ஒரு காலத்தில் பொன்போல் போனது" என்றார்.

2019 கடைசியில் இலங்கை மஞ்சள் இறக்குமதிக்குக் கதவடைத்தது. உள்நாட்டு விவசாயியை ஊக்குவிக்க வேண்டும், அந்நியச் செலாவணி வெளியே போகக் கூடாது என்பது நோக்கம். நோக்கத்தில் நான் குறை காணமாட்டேன். ஆனால் மஞ்சள் நட்டு அறுவடை செய்ய எட்டு ஒன்பது மாதங்கள் ஆகும். விதைக் கிழங்கு வேண்டும், அவிக்கவும் காயவைக்கவும் வசதி வேண்டும். உள்ளூர் மஞ்சள் கடைக்கு வந்து சேரும் முன்பே கதவு சாத்தப்பட்டுவிட்டது. கொரோனாவும் சேர்ந்து வந்தது. மஞ்சள் நோயைத் தடுக்கும் என்று எல்லோரும் தேட, விலை பல மடங்கு ஏறியது. அரிசி மாவில் நிறம் சேர்த்து மஞ்சள் என்று விற்றவர்களும் உண்டு என்று நண்பர் வேதனையோடு சொன்னார்.

சட்டப்படி போகும் கப்பல் நின்றது, இரவில் படகு போகத் தொடங்கியது. இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் மூட்டை மூட்டையாக மஞ்சள் பிடிபட்ட செய்திகளை அந்த ஆண்டுகளில் நாம் நாள்தோறும் படித்தோம். பிடிபடும் பயத்தில் நடுக்கடலில் மூட்டைகளைத் தள்ளிவிட்டவர்களும் உண்டு. ஈரோட்டிலும் சேலத்திலும் ஒரு குடும்பம் பத்து மாதம் பாடுபட்டு விளைவித்த பொருள் பாக் நீரிணையில் ஊறிக் கிடந்தது. கூலிக்குப் படகோட்டிய மீனவர் சிறைக்குப் போனார். இரண்டு கரையிலும் வரியாக ஒரு காசு வரவில்லை. கடையில் கால் கிலோ மஞ்சள்தூள் வாங்க வந்த பெண் கூடுதல் விலை கொடுத்தாள்.

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. வகுப்பில் "இறக்குமதித் தடை" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போயிருக்கிறேன்.

மாலையில் தட்டுவடை செட். நண்பருக்குப் பீட்ரூட், கேரட் துருவலோடு காரச் சட்னி தடவியது மிகவும் பிடித்துப்போனது. மூன்று தட்டு சாப்பிட்டார்.

இரண்டாம் நாள், ஜவ்வரிசி ஆலை

ஆத்தூர் சாலையில் ஒரு ஜவ்வரிசி ஆலைக்குப் போனோம். நண்பர் இம்முறை எடுக்கப்போவது ஜவ்வரிசிதான்.

மரவள்ளிக்கிழங்கு லாரியிலிருந்து மண்ணோடு சரிகிறது. கழுவி, தோல் நீக்கி, அரைத்துப் பிழிந்தால் பால் வருகிறது. அந்தப் பாலைத் தொட்டியில் தேக்கிவைத்தால் மாவு அடியில் இறுகி, மேலே தெளிந்த நீர் நிற்கும். ஈர மாவை உடைத்துக் குலுக்கும் இயந்திரத்தில் போட்டால் துகள்கள் ஒன்றோடொன்று உருண்டு முத்துகளாகின்றன. அந்தக் காலத்தில் துணியைத் தொட்டில்போல் கட்டி இருவர் ஆட்டுவார்களாம். பிறகு சலித்து, தட்டில் வறுத்து, களத்தில் காயவைக்கிறார்கள். காய்கிற களத்தின் ஓரத்தில் நான் சற்று நேரம் நின்றேன். வெயிலில் கண் கூசியது. ஒரு பெண் வெறுங்காலால் முத்துகளுக்கு நடுவே கோடு கோடாகக் கீறிக்கொண்டே போனார். கீறிய தடத்தில் அடியில் இருந்த ஈரம் மேலே வந்து காய்கிறது.

இந்தத் தொழில் சேலத்துக்கு வந்த கதையை நேற்றைய கோபத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். ஜவ்வரிசி என்ற பெயரே ஜாவா அரிசி என்பதிலிருந்து வந்தது என்பார்கள். இரண்டாம் உலகப் போர் வரை அது கிழக்கே கடல் கடந்துதான் வந்தது. ஜப்பான் படைகள் மலேயாவையும் சிங்கப்பூரையும் ஜாவாவையும் பிடித்ததும் வரத்து நின்றது. சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார் 1943-ல் மரவள்ளியிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கத் தொடங்கினார். பினாங்கில் இருந்து வந்த போபட்லால் ஷா என்பவருக்கு அந்தத் தொழில்நுட்பம் தெரிந்திருந்தது. இருவரும் சேர்ந்ததில் ஒரு மாவட்டமே தொழில் கற்றுக்கொண்டது. 1981-ல் ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமாகச் சேகோசர்வ் அமைந்தது. ஆலைகள் அங்கே மூட்டைகளைக் கிடங்கில் வைத்து ஏலத்தில் விற்கின்றன. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மராட்டியத்தில் விரத நாளில் வீட்டுக்கு வீடு சமைக்கும் சாபுதானா கிச்சடிக்கு இங்கிருந்துதான் பெரும்பகுதி போகிறது.

"அப்படியானால் கதவு சாத்தியதால்தானே அக்கா உங்கள் ஊருக்கு இந்தத் தொழில் வந்தது? எங்கள் மஞ்சளுக்கு மட்டும் அது ஏன் பலிக்கவில்லை?" என்று நண்பர் கேட்டார்.

நல்ல கேள்வி. இரவு முழுதும் யோசித்தேன். எனக்குத் தோன்றுவது இது. சேலத்தில் கிழங்கு ஏற்கெனவே வயலில் இருந்தது, செய்முறை தெரிந்த ஆள் வந்து சேர்ந்தார், எதிரே பெரிய சந்தை காத்திருந்தது. ஜவ்வரிசி இல்லாவிட்டால் பாயசம் இல்லை, அவ்வளவுதான். மஞ்சள் அப்படியில்லை. குழம்பில் ஒரு நாளும் விடமுடியாத பொருள். உள்ளூர் விளைச்சல் ஏறும் அளவைப் பார்த்துப் பார்த்து வரத்தைக் குறைத்திருந்தால் விவசாயியும் பிழைத்திருப்பார், சமையலறையும் தப்பித்திருக்கும்.

மூன்றாம் நாள், ஏற்காடு

கொண்டை ஊசி வளைவுகள் இருபது. பன்னிரண்டாவது வளைவில் காது அடைத்தது, கீழே சேலம் வெள்ளைப் புகைக்குள் மறைந்துவிட்டது. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். காப்பிக்கு நிழல் தரச் சில்வர் ஓக் மரம், அந்த மரத்தில் மிளகுக் கொடி என்று அடுக்கடுக்கான விவசாயம் பிறகு அமைந்தது. காப்பி விலை சரிந்த ஆண்டுகளில் மிளகுதான் சிறு விவசாயியைத் தாங்கியிருக்கிறது.

நாகலூர் போகும் வழியில் தம்பிக்குத் தெரிந்த பெரியவர் ஒருவருடைய தோட்டம். மூன்று ஏக்கர்தான். மலையாளி பழங்குடியைச் சேர்ந்தவர், வயது எழுபதுக்கு மேல். அவருடைய பேரன் ஒற்றை மூங்கில் ஏணியை மரத்தில் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறினான். ஏணியில் கணுவுக்குக் கணு விட்டிருக்கும் முளைதான் படி. ஒரு சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்திருந்தால் அந்தச் சரம் பறிக்கும் பக்குவம். முழுதும் பச்சையாக இருப்பதை அவன் கை தானாகவே விட்டுவிட்டுப் போனது.

களத்தில் பாய் விரித்து மிளகு காய்ந்துகொண்டிருந்தது. முதல் நாள் பச்சை, இரண்டாம் நாள் தவிட்டு நிறம், நான்காம் நாள் கறுத்துச் சுருங்கிவிடும். 100 கிலோ பச்சை மிளகு காய்ந்தால் 33 கிலோ கிடைத்தால் நல்லது. தம்பி ஒரு லிட்டர் படியில் தலைதட்டி நிரப்பித் தராசில் வைத்தான். 550 கிராம் தாண்டியது. அதற்குக் குறைந்தால் பொக்கு மிளகு கலந்திருக்கிறது என்று பொருள், விலை இறங்கும்.

கொழும்பு நண்பர் கொடியைத் தடவிப் பார்த்தார். "எங்கள் மாத்தளையில் இது கிளிரிசிடியா மரத்தில் ஏறும். கொடி இதேதான், இலையும் இதேதான்."

பெரியவர் நிமிர்ந்தார். "இலங்கையா? உங்கள் ஊர் மிளகுதானே தம்பி எங்கள் விலையைக் கெடுக்கிறது?"

எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஆனால் இருவரும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். வரக்காப்பி வந்தது.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பர் 28-ல் தடையற்ற வணிக ஒப்பந்தம் செய்துகொண்டன. 2000 மார்ச் 1-ல் அது நடைமுறைக்கு வந்தது. பெயர்தான் தடையற்ற வணிகம். ஒவ்வொரு நாடும் தான் விட்டுக்கொடுக்க விரும்பாத பொருள்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தது. இந்தியாவின் பட்டியலில் 429 இனங்கள், இலங்கையின் பட்டியலில் 1,180. சிறிய நாடு கூடுதலாகக் காத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு அது, எனக்கு நியாயமாகவே படுகிறது. வரியைக் குறைக்க இந்தியாவுக்கு மூன்று ஆண்டு, இலங்கைக்கு எட்டு ஆண்டு என்று காலமும் வேறுபட்டது. சில பொருள்களுக்கு அளவு வரம்பு உண்டு. இலங்கை மிளகு ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியின்றி வரலாம். அதற்கு மேல் வருவது தெற்காசிய நாடுகளுக்கிடையிலான தடையற்ற வணிக ஒப்பந்தத்தின்படி 8 விழுக்காடு கட்டி வரும். வேறு நாட்டு மிளகுக்குப் பொது வரி 70 விழுக்காடு.

8-க்கும் 70-க்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் தொல்லை முளைக்கிறது. வியட்நாம் மிளகு மலிவு. அது கொழும்பில் இறங்கி, இலங்கை மிளகு என்ற காகிதத்தோடு கிளம்பினால் வரி முழுவதும் மிச்சம். இப்படி நடக்காமலிருக்கத்தான் பிறப்பிடச் சான்றிதழ் என்று ஒன்று வைத்தார்கள். ஏற்றுமதி செய்யும் நாட்டில் 35 விழுக்காடு மதிப்புக் கூட்டப்பட்டிருக்க வேண்டும், இந்திய மூலப்பொருளைப் பயன்படுத்தினால் அது 25 வரை இறங்கலாம் என்றெல்லாம் விதிகள். இலங்கையில் அந்தச் சான்றிதழை வணிகத் திணைக்களம் தருகிறது, இங்கே ஏற்றுமதி ஆய்வுக் குழுமம். வனஸ்பதியில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. பாமாயிலுக்கு இந்தியாவில் வரி அதிகம், இலங்கையில் குறைவு. அதனால் இந்திய முதலாளிகளே அங்கே போய் ஆலை கட்டி, பாமாயிலை வனஸ்பதியாக்கி இங்கே வரியின்றி அனுப்பினார்கள். கடைசியில் இந்தியா ஆண்டுக்கு 2,50,000 டன் என்று வரம்பு போட்டது.

"வியட்நாம் மிளகு உங்கள் துறைமுகத்தில் இறங்கி, உங்கள் ஊர்ச் சீட்டை வாங்கிக்கொண்டு வருகிறது என்கிறார்களே" என்று பெரியவர் விடாமல் கேட்டார்.

"வந்தது உண்டு ஐயா, நான் மறுக்கமாட்டேன். ஆனால் அதில் எங்கள் மாத்தளை விவசாயிக்கு ஒரு சதமும் இல்லை. காகிதத்தை விற்றவருக்குத்தான் காசு. எங்கள் விவசாயி நட்ட மிளகுக்கும் சேர்த்தே கெட்ட பெயர்."

2017 டிசம்பரில் இந்தியா ஒரு முடிவெடுத்தது. கிலோ 500 ரூபாய்க்குக் கீழே எந்த நாட்டு மிளகும் உள்ளே வரக் கூடாது. பெரியவருக்கு அந்த அறிவிப்பு நன்றாக நினைவிருக்கிறது. "அன்றைக்குத்தான் மூச்சு வந்தது" என்றார். நண்பருக்கும் நினைவிருக்கிறது. அவருடைய மாமனாருக்கு மாத்தளையில் மிளகுத் தோட்டம். வாங்க வந்த தரகர் பாதி மூட்டையை ஏற்றிய பிறகு தொலைபேசி அழைப்பு வந்து, மீதியை இறக்கிவைத்துவிட்டுப் போனாராம். அந்த ஆண்டு மிளகு வீட்டு அறையிலேயே கிடந்தது.

இரண்டு பேருக்கும் பரிந்து பேச எனக்கு ஆசை. விவசாயிக்கு அடிமட்ட விலை வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் 500 ரூபாய் என்ற சுவர் வியட்நாம் மிளகையும் மாத்தளை மிளகையும் பிரித்துப் பார்க்கவில்லை. எந்தக் கொடியில் விளைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டிய வேலையைச் செய்யாமல் விலையை வைத்து எல்லோரையும் ஒன்றாக நிறுத்திவிட்டது. எந்தத் தோட்டத்தில், எந்த மாதம், எத்தனை கிலோ என்று கொள்முதலிலிருந்தே பதிவு செய்தால் காகிதம் விற்பவரைப் பிடித்துவிடலாம் என்று நண்பர் சொன்னதைப் பெரியவரும் ஒப்புக்கொண்டார். அதோடு இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்கு இந்தப் பயணத்தின் மையம் என்று படுகிறது.

"வரி எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள் தம்பி. கொடி நட்டு மூன்று வருடம் கழித்துத்தான் காய்க்கிறது. நான் நடும்போது இருந்த விதி, பறிக்கும்போதும் இருக்க வேண்டும்."

கிளம்பும்போது பெரியவர் நண்பருக்கு ஒரு பொட்டலம் மிளகு கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். சுங்கத்தில் கேட்பார்களே என்று நண்பர் தயங்கியதும், "சமையலுக்கு என்று சொல்லுங்கள்" என்றார்.

நான்காம் நாள், சேர்வராயன் கோயில்

காலையில் மேட்டுக்குப் போனோம். செம்மண் பரப்பின் நடுவே குகைக் கோயில். தலை குனிந்து போக வேண்டும், உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். மேலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நண்பர் நெடுநேரம் வெளியே வரவில்லை.

அவருடைய முப்பாட்டனார் இந்த மலையடிவாரத்துக்காரர் என்று வெளியே வந்த பிறகு சொன்னார். ஊர்ப் பெயர் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது, "சேலம் ஜில்லா" என்பது மட்டும் பாட்டி வாய்வழியாக வந்திருக்கிறது. இலங்கையில் காப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில் சேலம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து ஆயிரமாயிரமாகப் போனவர்களில் அவரும் ஒருவர். தலைமன்னாரில் இறங்கிக் காடு வழியாக நடந்தே மாத்தளை போய்ச் சேர்ந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். 1869-ல் காப்பி இலையில் துரு நோய் விழுந்தது. அங்கே காப்பி அழிந்து தேயிலை வந்தது. பயிர் மாறியது, நடப்பட்டவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இந்த மக்களைப் பற்றிச் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். 1974-ல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஒதுக்கீட்டு அளவு என்று மிளகுக்குச் சொல்கிறோமே, அதே மாதிரி. நண்பரின் தாத்தா அங்கே, தாத்தாவின் அண்ணன் இங்கே. நீலகிரித் தேயிலைக்கு வந்துவிட்ட அந்தக் குடும்பத்தோடு இன்றும் தொலைபேசியில் பேசுகிறார்கள்.

"எங்கள் வீட்டில் கறுவா என்போம், அவர்கள் வீட்டில் பட்டை என்கிறார்கள். பெருஞ்சீரகம் கேட்டால் சோம்பு தருகிறார்கள். புறக்கோட்டையில் உட்கார்ந்து இந்தியாவோடு வியாபாரம் செய்ய எனக்குத் தேவைப்பட்ட மொழிபெயர்ப்பு இவ்வளவுதான் அக்கா."

பிறகு 2022-ஐப் பற்றிப் பேசினோம். தம்பி அனுப்பிய சரக்கு கொழும்பில் இறங்கிவிட்டது. நண்பரின் வங்கியில் இலங்கை ரூபாய் இருந்தது, டாலர் இல்லை. துறைமுகத்தில் உணவுப் பொருள் கொள்கலன்கள் ஆயிரத்துக்கும் மேல் எடுக்க ஆளின்றி நின்ற நாள்கள் அவை. ஏப்ரல் 12-ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அரசே அறிவித்தது. தம்பிக்கு வரவேண்டிய பணம் ஏழு மாதம் வரவில்லை. நண்பர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அழைத்து, "அண்ணன், இந்த வாரமும் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அழைக்காமல் இருந்திருந்தால் தன்னால் தாங்கியிருக்க முடியாது என்று தம்பி இன்றுதான் என்னிடம் சொன்னான். கடைசியில் மூன்று தவணையில் முழுதும் வந்து சேர்ந்தது.

அந்த ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்துகளும் அனுப்ப முடிவாகி, மே 18-ல் சென்னையிலிருந்து முதல் கப்பல் கிளம்பியது. மாத்தளையில் அந்தப் பால்மாப் பொட்டலத்தைக் கையில் வாங்கியபோது அவருடைய மகளுக்கு மூன்று வயது. அந்தப் பையை மடித்து வீட்டில் இன்னும் வைத்திருக்கிறார்களாம்.

இறங்கும் வழியில் காட்சிமுனையில் வண்டியை நிறுத்தவில்லை. யாருக்கும் மனம் இல்லை.

ஐந்தாம் நாள், மூட்டை தைக்கும் நாள்

காலை முழுதும் மண்டி அலுவலகத்தில். என் கரும்பலகைக் கட்டங்கள் எல்லாம் மேசைமேல் காகிதமாகக் கிடந்தன. விலைப்பட்டியல், சிப்பப் பட்டியல், பிறப்பிடச் சான்றிதழ், சுங்கத்துக்கான ஏற்றுமதிப் பத்திரம். தூத்துக்குடியில் இருக்கும் சுங்க முகவர் தொலைபேசியில் ஒரு எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டினார். பணத்துக்குப் பொறுப்பேற்று வாங்குபவரின் வங்கி தரும் கடன் உறுதிக் கடிதத்தில் நிறுவனப் பெயருக்கு நடுவே ஒரு புள்ளி இருக்கிறது, விலைப்பட்டியலில் இல்லை. அந்தப் புள்ளிக்காக வங்கி பணத்தை நிறுத்தலாம். எல்லாவற்றையும் மறுபடி அச்சிட்டார்கள்.

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றை இன்று தெரிந்துகொண்டேன். சரக்கு கப்பலில் போகிறது, சரக்கின் உரிமையைச் சொல்லும் காகிதம் வங்கி வழியாகப் போகிறது. ஐரோப்பாவுக்கு அனுப்பினால் கப்பல் மூன்று நான்கு வாரம் எடுக்கும், அதற்குள் காகிதம் போய்ச் சேர்ந்துவிடும். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓர் இரவுதான். சரக்கு முதலில் போய் நிற்கும், காகிதம் பல நாள் கழித்து வரும். அதுவரை துறைமுகத்தில் தாமதக் கட்டணம் ஓடும். பக்கத்து நாடு என்பதே இங்கே ஒரு சிக்கல். இதற்காகத் தம்பி அந்த உரிமைக் காகிதமான அசல் கப்பல் ரசீதை இங்கேயே கப்பல் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, அங்கே காகிதமின்றிச் சரக்கை விடச் சொல்லிவிடுகிறான். அப்படிச் செய்தால் பணம் வரும் முன்பே சரக்கு நண்பரின் கைக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமைதோறும் அழைத்த மனிதர் என்பதால் துணிந்து செய்கிறான். புதியவருக்குச் செய்யமாட்டான்.

2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி பன்னாட்டு வணிகத்தை இந்திய ரூபாயிலேயே தீர்த்துக்கொள்ள வழி திறந்தது. ரூபாயிலேயே வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்டேன்.

"நல்லதுதான் அக்கா, டாலருக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் எங்கள் கையில் இந்திய ரூபாய் எப்படி வரும்? நாங்கள் உங்களுக்கு எதையாவது விற்றால்தானே வரும்? எங்களிடம் விற்க இருப்பது மிளகும் பாக்கும் கிராம்பும்தான்."

இலங்கை நம்மிடம் வாங்குவது, நாம் அவர்களிடம் வாங்குவதைப் போலப் பல மடங்கு. ஏற்காட்டுப் பெரியவரின் மிளகையும் செவ்வாய்ப்பேட்டை ஜவ்வரிசியையும் நான் தனித்தனியாகத்தான் பார்த்துவந்தேன். மாத்தளையில் ஒரு மூட்டை மிளகு விற்காமல் கிடந்தால், ஆத்தூர் களத்தில் காயும் முத்துக்கும் வாங்க ஆள் குறையும் என்பது அந்த மேசையில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. தம்பி எதுவும் சொல்லாமல் கணக்குப் புத்தகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

மதியத்துக்கு மேல் லாரி வந்தது. கோணி ஊசியில் சணல் கோத்து ஒரு அம்மா மூட்டை வாயைத் தைத்தார். எட்டு தையல், கடைசியில் இரண்டு பக்கமும் காதுபோல் முடிச்சு. அந்தக் காதைப் பிடித்துத்தான் தூக்குவார்களாம். தகட்டை வைத்துக் கறுப்பு மை தடவியதும் மூட்டைமேல் கொழும்பு என்று எழுத்து விழுந்தது. நண்பர் ஒரு மூட்டையைத் தானே தோள்கொடுத்து ஏற்றினார்.

இரவு வண்டிக்கு நேரமாகிவிட்டது. சந்திப்புக்குப் போகும் வழியில் எங்கள் ஆட்டோவுக்கு முன்னால் அதே லாரி தார்ப்பாய் கட்டிக்கொண்டு நாமக்கல் சாலைக்குத் திரும்பியது. தூத்துக்குடிக்கு விடிவதற்குள் போய்விடும் என்றான் தம்பி.